விரும்பத்தக்க தகுதி

1

இந்தக் கதை ஒரு விளம்பரத்திலிருந்து பிறந்தது. மூலக்கூறு உயிரியல் துறைக்கு ஆய்வாளர் தேவை, ஓர் இடம், நேர்முகத் தேர்வு. அதைத் தட்டச்சு செய்தவன் நான். திருநெல்வேலிப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் துறை எழுத்தர். ஓய்ந்த நேரத்தில் கதை எழுதுவேன். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கதைக்குப் பதில் விளக்கக் கடிதம் எழுத வேண்டியிருக்கும்.

2

முதல் தொடக்கம்: ‘தாமிரபரணியில் இளவெயில் மின்ன, ரெனிஷா மெல்ல…’

(கோடு போட்டு அடித்துவிட்டேன். மணப்பாட்டுக்காரியான ரெனிஷா வெயில் பார்க்க ஆற்றுக்குப் போகவில்லை. எங்கள் துறையில் தற்காலிக உதவியாளர். மூன்று வருடம் பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை பஸ்ஸில் போய், மடியில் ஐஸ் பெட்டியோடு சோதனைக்கு ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்தாள். அதிலிருந்து அவள் பிரித்தெடுத்த டி.என்.ஏ. இருநூற்றுப் பன்னிரண்டு குப்பிகளில் உறைபெட்டியில் இருக்கிறது.)

இரண்டாவது: ‘அந்த இடம் அவளுக்குத்தான் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த…’

பொய். நான் நம்பவில்லை. துறைத் தலைவரான பேராசிரியர் என் மேஜைக்கு வந்து, “சத்தியநேசன், விரும்பத்தக்க தகுதின்னு ஒரு வரி சேத்துக்கிடும்வே” என்றார். ஒரு கருவியில் ஆறு மாதப் பயிற்சி. அந்தக் கருவியே எங்கள் துறையில் கிடையாது. பயிற்சி முடித்தவன் யார் என்பது எனக்குத் தெரியும். சேர்த்தேன். ஓர் எழுத்துப்பிழைகூட இல்லாமல் சேர்த்தேன்.

3

நேர்முகத் தேர்வில் ரெனிஷாவை நான்கு நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். வேலை அந்தப் பயிற்சி முடித்த மணிராஜுக்கு. (அவனை வில்லனாக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. பேராசிரியரின் சகலை மகன், சாதுவான பையன். அவன்மேல் கோபப்பட முடியவில்லை என்பதே எனக்கு ஆத்திரமாக வருகிறது.)

மறுவாரம் உறைபெட்டியைத் திறந்துவிட்டு முழித்தான். குப்பி மூடிகளில் வெறும் எண்கள். எந்த எண் எந்தப் படித்துறை, எந்த மாதம் என்பதெல்லாம் ரெனிஷாவின் சொந்த டைரியில். பதிவேட்டில் ஏற்றும்படி யாரும் அவளிடம் சொன்னதில்லை. கேட்ட குப்பியை அவள் எடுத்துக் கொடுப்பாள், அதுவே போதுமென்று இருந்தார்கள்.

“அண்ணாச்சி, ஒண்ணும் விளங்கல. அந்த அக்காட்ட கேட்டுச் சொல்லுதியளா?”

4

நேற்று அவள் அனுபவச் சான்றிதழ் வாங்க வந்தாள். மதுரையில் ஒரு வேலைக்கு விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். டைரியைக் கொடுத்தால்தான் கையெழுத்து என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

“மூணு வருசத்துல ஒரு கட்டுரைலயாவது எம்பேரு போட்டாவளா? இப்பம் டைரி மட்டும் வேணுமோ?”

“குடுத்துரு பிள்ள. நாளைக்கு உனக்கு…”

“அந்த வரிய அடிச்சது நீங்கதான?”

டைரியைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

5

முடிவு ஒன்று: டைரியைக் கொடுத்துச் சான்றிதழ் வாங்குகிறாள். அவள் மொண்ட தண்ணீரை வைத்து மணிராஜ் முனைவர் ஆகிறான்.

முடிவு இரண்டு: வண்ணார்பேட்டைப் பாலத்திலிருந்து டைரியை ஆற்றில் எறிகிறாள். மதுரை வேலையும் அதோடு…

(இரண்டிலும் இழப்பவள் அவள்தான். இரண்டிலும் நான் அடித்த வரி பத்திரமாக இருக்கிறது.)

மூன்றாவது முடிவு ஒரு கடிதம். அந்த வரியை யார் சொல்லி, யாருக்காகச் சேர்த்தேன், சான்றிதழ் ஏன் நிற்கிறது என்று துணைவேந்தருக்கு. அதையும் பிழையில்லாமல் அடித்துவிட்டேன். கீழே கையெழுத்துக்கான இடம் காலி. எனக்கு ஓய்வு பெற ஒன்பது மாதம் இருக்கிறது, வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள்.

முடிவை வாசகர்களாகிய உங்களிடம் கொடுத்துவிட்டு நழுவலாம் என்றுதான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். ஆனால் அந்த இடத்தில் உங்கள் கையெழுத்து செல்லாது.