வரிசையில் நிற்பாள்

முதல் வருடப் பள்ளிப் படிப்பு முடிந்து என் மகள் கொண்டுவந்த மதிப்பீட்டுத் தாளில் பதினான்கு வரிகள் இருந்தன. இருபது வரை எண்ணுவாள். தன் பெயரை எழுதுவாள். நிறங்களைச் சரியாகச் சொல்வாள். பன்னிரண்டாவது வரி: வரிசையில் பொறுமையாக நிற்பாள். அதற்கு எதிரே டீச்சர் இரண்டு நட்சத்திரம் ஒட்டியிருந்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இதற்கா ஒரு வருடம்?

"சிரிக்காதீங்க. வீட்டுல ஒருத்தருக்காவது அது வரட்டும்" என்றாள் மனைவி.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிக் கட்டடங்களில் எனக்கு ஆள் தெரியும். நடுவழியில் நின்றுபோன லிஃப்டிலிருந்து ஒருவரை இறக்கிவிட்டால் அவர் நம்மை லேசில் மறக்கமாட்டார். அதனால் எங்கே போனாலும் எனக்கு வரிசை கிடையாது. அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அடுத்த வாரம் மகளுக்குக் காதுவலி. காலையில் எழுந்ததிலிருந்தே அழுகை. காது டாக்டர் ஒரு நாளைக்கு முப்பது பேரைத்தான் பார்ப்பார். நாங்கள் போனபோது வரிசை வாசல்வரை வந்திருந்தது. நான் வழக்கம்போல நேரே கவுண்டருக்குப் போனேன். டோக்கன் கொடுப்பவர் என்னைப் பார்த்ததும் "வாங்கண்ணே" என்று பேனாவை எடுத்தார். திரும்பிப் பார்த்தால் மகளைக் காணோம்.

வரிசையின் கடைசியில், கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணுக்குப் பின்னால், காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள்.

"வாண்டு, இங்க வாடா."

"இங்கதான்ப்பா கடைசி. நீங்க அங்க நிக்கக் கூடாது."

மொத்த வரிசையும் திரும்பி என்னைப் பார்த்தது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போய் அவள் பின்னால் நின்றேன்.

ஒரு மணி நேரம் நின்றோம். அவள் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. முன்னால் இருப்பவர் நகர்ந்தால் ஓரடி நகர்ந்தாள், அவ்வளவுதான். அந்த டீச்சர் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் நாலு வார்த்தை நன்றாகக் கேட்டிருப்பேன்.

கைக்குழந்தைக்காரப் பெண்ணுக்கு முன்னால் முப்பது முடிந்தது. கவுண்டர் கதவை இறக்கினார்கள். இனி நாளை மறுநாள்தானாம். அந்தப் பெண் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டாள்.

"அப்பா, நான் சரியாத்தான நின்னேன்?"

"சரியாத்தாம்மா நின்ன."

"அப்புறம் ஏன் இல்லங்கறாங்க?"

பதில் யோசிப்பதற்குள் டோக்கன்காரர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சைடு கதவு வழியா வந்துருங்கண்ணே. டாக்டர்கிட்ட நான் சொல்லிடறேன்."

குழந்தை வலியில் துடிக்கிறது. எந்த அப்பனும் இதைத்தான் செய்வான் என்று இப்போதும் சொல்வேன். அவளைத் தூக்கிக்கொண்டேன்.

"அந்த ஆன்ட்டி நமக்கு முன்னாடிப்பா" என்று திமிறினாள்.

"பேசாம வா" என்று அதட்டினேன்.

டாக்டர் பார்த்து, சொட்டு மருந்து விட்டு, நாளை மறுநாள் மறுபடி வந்து காட்டச் சொல்லி அனுப்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. வெளியே வரும்போது வலி குறைந்து அவள் முகம் தெளிந்துவிட்டது. வாசற்படியில் அந்தப் பெண் உட்கார்ந்து, வீறிடும் குழந்தையைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். மகள் அவளையே பார்த்தபடி வந்தாள். நான் பார்க்கவில்லை.

அந்த இரண்டு நாளும் எனக்கு மனசே சரியில்லை. மறுபடி காட்டப் போகவேண்டிய அன்று அரைநாள் லீவு போட்டேன். யார் கூப்பிட்டாலும் வரிசையில்தான் நிற்பதென்று முடிவு செய்து, சீக்கிரமே அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏழெட்டுப் பேர்தான் இருந்தார்கள். கடைசியில் போய் நின்றேன்.

அவள் என் விரலை விட்டாள். வரிசைப் பக்கம் தலையைத் திருப்பாமல் சைடு கதவை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள். கதவருகே போனதும் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி கூப்பிட்டாள்.

"அப்பா, அங்க எதுக்கு நிக்கறீங்க?"