முதுகு ஷாட்

லிஃப்ட் வேலை செய்யவில்லை. ஹார்ட் டிஸ்க்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாவிக்கொண்டிருந்தார் உதட்டுக்காரர். தோளில் தொங்கிய ஜோல்னாப் பை ஒவ்வொரு தாவலுக்கும் இடுப்பில் இடித்தது. ஐம்பத்திரண்டு வயது முழங்கால் ‘போதும்யா’ என்று கெஞ்சியது.

திரைப்பட விழா அரங்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது. நானூறு பேர். அவர் எழுதிய ஜோக்குக்குத்தான் சிரிக்கிறார்கள். வேறொரு நாளாக இருந்தால் நின்று, காதைத் தீட்டி, மீசையைத் தடவிவிட்டுப் போயிருப்பார். இன்று நிற்காமல் ஓடினார்.

காரணம், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்மணி. செனகலிலிருந்து வந்திருந்தார். திரையில் ஓடிக்கொண்டிருந்த தொடரை இயக்கியவர்.

ஆபரேட்டர் அறைக் கதவைத் தோளால் முட்டித் திறந்தார். சவுண்டு மிக்ஸர் முன்னால் காலாட்டிக்கொண்டிருந்த மைத்துனன் திரும்பினான். சவுண்ட் இன்ஜினீயர். மனைவியின் தம்பி.

“என்ன மாமா, கிளம்பின பஸ்ஸப் பிடிக்கிற மாதிரி ஓடி வர்றீங்க?”

“மாப்ள, ஒரிஜினல் சத்தம் இதுல இருக்கு. நம்ம டப்பிங்க எடுத்துட்டு இதப் போடு.”

“விளையாடுறீங்களா? ஏத்தவே பத்து நிமிஷம் ஆகும். பதினோராவது பாகம் பாதி ஓடிடுச்சு.”

“பஸ் சீன்?”

“இன்னும் ரெண்டு நிமிஷம். உங்க மாஸ்டர்பீஸாச்சே! கீழ அதுக்காகத்தான் காத்துக் கிடக்குறாங்க.”

உதட்டுக்காரர் சுவரில் சாய்ந்தார்.

வெளிநாட்டுத் தொடர்களுக்குத் தமிழ் வசனம் எழுதுவது அவர் தொழில். எந்த நாட்டு உதடானாலும் அதற்குள் தமிழைக் கச்சிதமாகத் திணித்துவிடுவார். பட்டப்பெயர் அப்படி வந்தது. பாத்திரம் முதுகைக் காட்டினால் இன்னும் கொண்டாட்டம். உதடு தெரியாதே! என்ன வேண்டுமானாலும் பேச வைக்கலாம். ஸ்டூடியோவில் அதற்கு ‘முதுகு ஷாட்’ என்று பெயர். பாதி ஜோக்குகளை அவர் அங்கேதான் சொருகுவார்.

ஒன்பது மாதம் முன்பு சேனல்காரர்கள் இந்தத் தொடரைக் கொண்டுவந்தார்கள். கணவன் இறந்துபோக, அவன் ஓட்டிய சின்ன பஸ்ஸைத் தானே ஓட்டக் கிளம்பும் ஒருத்தியின் கதை. “ஆப்பிரிக்கா சீரியல்தானே, தூக்கிக் காமெடியாக்கிடலாம்” என்றார் உதட்டுக்காரர். ஆக்கினார். மத்தியான நேரத்தில் பிய்த்துக்கொண்டு ஓடியது.

மகள்தான் பிடித்துக்கொண்டாள். கல்லூரியில் படிக்கிறவள். மூன்று நாள் முன்பு ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள்.

“ஆப்பிரிக்கா ஒரு ஊர் இல்லப்பா. இது வோலோஃப், செனகல்ல பேசுற மொழி. ஒருதரம் அந்தம்மா சொந்தக் குரலக் கேளுங்க.”

கேட்டார். அடியில் ஓடிய ஆங்கில வரிகளைப் படித்தபடி முதல் பாகத்தில் கொட்டாவி விட்டவர், நாலாவதில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொடரை முடித்த கையோடு மகள் நைஜீரியாவிலிருந்து ஒரு நீதிமன்றக் கதை, மாலியிலிருந்து வறண்ட ஆற்றைப் பற்றிய ஒரு படம் என்று அடுக்கிக்கொண்டே போனாள். ஸ்டூடியோவுக்கு லீவு சொல்லிவிட்டு மூன்று நாளும் பார்த்தார். முப்பது வருஷமாகப் படம் பார்த்தே சோறு தின்கிற மனிதர். ஒரு கண்டமே படம் எடுத்துக்கொண்டிருந்ததை இப்போதுதான் பார்க்கிறார். அதுவரை காது எங்கே போயிருந்தது?

“ஏம்ப்பா இப்படி எழுதினீங்க?” என்று அவள் கேட்டபோது, “லிஸ்ட் வரலம்மா” என்றார். ஒவ்வொரு வசனத்துக்கும் அர்த்தம் எழுதி இயக்குநர் அனுப்பும் வசனப் பட்டியல். “ஊமைப் படம் மாதிரி பார்த்து எழுதினேன். நான் என்ன பண்றது?”

அவள் நம்பினாள். அதோடு விட்டாளா? சேனலுக்கே போன் போட்டு, ஏன் பட்டியலை வாங்கித் தரவில்லை என்று சண்டையும் பிடித்தாள். இன்று விழாவில் இயக்குநருக்கு மொழிபெயர்ப்பாளரும் அவள்தான்.

“மாமா, வந்துடுச்சு.”

கண்ணாடி வழியே திரை தெரிந்தது. அதிகாலை. பஸ்ஸுக்குள் கதாநாயகி ஏறுகிறாள். கேமரா பின்சீட்டில். முதுகு மட்டும். கணவன் உட்கார்ந்த அளவிலேயே இருக்கிறது ஓட்டுநர் சீட். அவள் அதை நகர்த்தவில்லை. கால் எட்டவில்லை. சீட்டின் விளிம்புக்குச் சறுக்கி, இன்னும் சறுக்கி, கிளட்ச்சைத் தேடுகிறாள். நாற்பது விநாடி. மூலத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

தமிழில் உண்டு. ‘ஐயையோ, கிளட்ச்சு அடுத்த தெருவுல இருக்கே! என் வீட்டுக்காரருக்கு இருந்தது காலா, ஏணியா?’

“பேச்சு எந்த லைன்?”

“மூணாவது. ஏன்... மாமா! கைய எடுங்க, சேனல்காரன் என் சீட்டக் கிழிச்சிடுவான்!”

உதட்டுக்காரர் மூன்றாவது பொத்தானை ஒரே இழுப்பில் கீழே இறக்கினார்.

பேச்சு செத்தது. பின்னணி மட்டும் மிஞ்சியது. சாவி உரசும் சத்தம். தூரத்தில் பிள்ளைகள் பந்து உதைக்கும் சத்தம். சீட்டின் ரெக்சின் கிறீச்சிடும் சத்தம்.

“சவுண்டு!” என்று கீழே எவனோ விசிலடித்தான். சிலர் கைதட்டினார்கள். பத்தாவது விநாடியில் அதுவும் ஓய்ந்தது. இருபதாவதில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அவள் கால் கிளட்ச்சைத் தொட்டபோது நானூறு பேரும் மூச்சை அடக்கியிருந்தார்கள்.

மைத்துனன் மெல்லச் சொன்னான். “மாமா... இது வேற படம் மாதிரில்ல இருக்கு.”

திரையிடல் முடிந்த கால் மணி நேரத்தில் கதவு தட்டப்பட்டது. மகள். அவளுக்குப் பின்னால் இயக்குநர். உயரமான பெண்மணி, கழுத்தில் விழா அட்டை. உதட்டுக்காரருக்கு ஆங்கிலம் படித்தால் புரியும், பேசினால் பாதி ஓடிவிடும். மகள் தமிழில் சொன்னாள்.

“சிரிப்ப எதிர்பார்க்கலன்னு சொல்றாங்கப்பா. ரொம்பக் கஷ்டமா இருந்துச்சாம். ஆனா அந்த ஒரு இடத்த நீங்க தொடவே இல்லியே, அதுக்கு நன்றி சொல்லத்தான் மேல வந்தாங்க.”

உதட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

“லிஸ்ட் வழியிலயே தொலஞ்சிருச்சுன்னு நான் சொல்லிட்டேன். இன்னொரு பிரதி அனுப்பாதது அவங்க தப்புதானாம். மன்னிப்புக் கேக்குறாங்க.”

மன்னிப்பு. அந்த அம்மாள் கையைக் கூப்பக்கூடக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

“லிஸ்ட் இல்லாமலே அங்க பேசக் கூடாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு கேக்குறாங்க.” மகளின் முகம் விளக்குப் போட்டதுபோல் இருந்தது. “எங்கப்பா அப்படித்தான்னு சொல்லட்டுமா?”

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கலாம்.

ஜோல்னாப் பைக்குள் கையை விட்டார். மூன்று நாளாகக் குப்பையில் போடவும் முடியாமல், வீட்டில் வைக்கவும் முடியாமல் சுமந்த தடித்த கவரை எடுத்தார். மேலே டீ கிளாஸ் வைத்த வட்டங்கள். நாலைந்து இருக்கும்.

மகள் வாங்கிப் பார்த்தாள். அனுப்பியவர் முகவரியைப் படித்தாள். வெளிநாட்டுத் தபால் முத்திரையில் தேதியைப் படித்தாள்.

“ஒன்பது மாசத்துக்கு முந்தி வந்திருக்கு.” குரல் இறங்கியது. “நீங்க பிரிச்சே பார்க்கலையாப்பா?”

அவர் கவரைத் திருப்பிக் காட்டினார். கவரின் வாய் எப்போதோ கிழிக்கப்பட்டிருந்தது.

முதல் பக்கத்தில் இயக்குநர் கைப்பட எழுதியிருந்தார். மகள் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்: “‘முகம் தெரியாத நண்பருக்கு. மற்றதை உங்கள் மக்களுக்கு ஏற்றபடி எழுதுங்கள். பதினோராவது பாகத்தில் அவள் பஸ்ஸில் உட்காரும் இடத்தில் மட்டும் எதுவும் வேண்டாம். அது என் அம்மா...’”

நின்றுவிட்டாள். வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறிப்பு. அந்தக் கையெழுத்தை அவளுக்கு ஒன்றாம் வகுப்பு மதிப்பெண் அட்டையிலிருந்தே தெரியும்.

இயக்குநர் சிவப்பு மையைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டார்.

“என்ன எழுதியிருக்குன்னு கேக்குறாங்க” என்றாள் மகள், அப்பாவைப் பார்க்காமல்.

“இருக்குறத அப்படியே சொல்லும்மா.”

அவள் முதலில் தமிழில்தான் படித்தாள்.

“‘அழுகாச்சி. போரடிக்கும். இங்க ஒரு ஜோக் போடு.’”