நெஞ்சுக்கு ஒருவர், குடலுக்கு ஒருவர்

1

இக்கதை பிறந்த இடத்தை முதற்கண் கூறிவிடுகிறேன்: மைசூரில் ஒரு மருத்துவமனை, இதயப் பிரிவின் வாசலில் கிடந்த நீள இருக்கை. ஆண்டு 1998. அருகே அமர்ந்திருந்த லிங்கம்மா சொன்னதும் நான் கண்ணால் கண்டதும் இதில் உண்டு. ஐம்பது வயதுக்குமேல் எழுத்துக் கற்றவன் நான்; ஆகவே பாடநூலின் ஒழுங்கில் எழுதுவேன். அதில் எனக்குப் பெருமையே.

2

முதல் தொடக்கம்: இதயம் என்பது ஓயாது இயங்கும் தசையாலான உறுப்பாகும். உடல் முழுமைக்கும் இரத்தம் அனுப்பும் அது, தனக்கு வேண்டிய இரத்தத்தை மெல்லிய தமனிகள் வழியே...

(நிறுத்திவிட்டேன். வாக்கியத்தில் பிழையில்லை. லிங்கம்மாதான் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: கௌதள்ளி என்ற சிற்றூரிலிருந்து வந்து மைசூரில் வீடுகள் கட்டிய கொத்தனார் சித்தையனுக்குக் குடலில் புற்றுநோய். அவருக்கு அது தெரியாது. ‘புண்’ என்று மனைவி லிங்கம்மா சொல்லிவைத்திருந்தாள். வேறொரு மருத்துவமனையில் அறுவைக்கு நாள் குறித்திருந்த வேளையில் நெஞ்சுவலி வந்தது. இந்த மருத்துவமனைக்கு அழைத்து வந்தவள் புற்றுநோயைப் பற்றி மூச்சுவிடவில்லை. கணவர் காதில் விழுந்துவிடுமே என்ற அச்சம். நெஞ்சு டாக்டருக்குக் குடல் சங்கதி எதற்கு என்ற எண்ணமும்.

3

டாக்டர் சீனிவாசன் வெளியே வந்தார். உள்ளே சித்தையன் விழித்தபடியே படுத்திருந்தார். தொடை வழியே நுழைந்த மெல்லிய குழாய் இதயத்தின் வாசலை எட்டியிருந்தது.

“அடைப்பு இருக்கும்மா. பலூன் வெச்சு இப்பவே திறந்துடலாம். ரத்தம் உறையாம இருக்க மருந்து குடுப்போம். ரத்தம் போற வியாதி ஏதாவது இருக்கா?”

இல்லையென்று லிங்கம்மாவின் தலை அசைந்தது. [இவ்விடத்தில் அவளைத் துணிவுள்ளவளாக எழுதிப் பார்த்தேன். பொருந்தவில்லை.] டாக்டர் கதவைத் தள்ளினார்.

“சாமி, நில்லுங்க! கொடல்ல கேன்சருங்க. ரத்தம் போகுதுங்க. அவருக்குத் தெரியாதுங்க!”

“அய்யோ, முதல்லயே சொல்றதுதானேம்மா!”

“நெஞ்சு டாக்டருக்கு எதுக்குன்னு நெனச்சேனுங்க.”

“நெஞ்சுக்கும் குடலுக்கும் ஒரே ரத்தம்தானேம்மா ஓடுது.”

4

இங்கே என் நடை வியப்பில் தடுமாறுகிறது. அடைப்பை விட்டுவைத்தால் குடல் அறுவையை இதயம் தாங்காது. மருந்தை மிகுத்தால் குடற்கட்டியிலிருந்து இரத்தம் கொட்டும். அறுவைக்கு நாள் குறித்த குடல் டாக்டர் ஸ்கூட்டரில் விரைந்து வந்தார். இருவரும் கலந்து பேசி மருந்தின் அளவைக் குறைத்தார்கள். அரிசிமணி பருமனுள்ள பலூன் ஒன்று, துடித்துக்கொண்டிருந்த இதயத்திலேயே விரிந்து வழி திறந்தது. துடிப்பை நிறுத்தாமலே! (பாடநூலில் வியப்புக்குறி வராது. இருக்கட்டும்.)

5

சித்தையனைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

“என்ற நெஞ்சை டிவில பாத்தேன் புள்ள! கெளை கெளையா, மரமாட்டம். நம்மூட்டு டிவியவிடத் தெளிவு.” பிறகு குரல் தாழ்ந்தது. “ஆமா, கொடல் டாக்டரு எதுக்கு இங்க ஓடியாந்தாரு?”

லிங்கம்மா அவர் கையைப் பற்றினாள்.

முதல் முடிவில் அவள், “புண்ணுதானுங்க,” என்றாள். அடித்துவிட்டேன். இரண்டாவதில் உண்மையைச் சொன்னாள். அப்போது சித்தையனின் முகம்... அதையும் அடித்துவிட்டேன். அன்று அவள் பதிலைக் கேட்காமலே நான் எழுந்து அப்பால் போய்விட்டேன். இருக்கையில் என் இடம் காலியாக இருக்கிறது. கேட்க மனம் துணிந்தால் அமருங்கள். அவள் வாய் திறக்கிறாள்.