யாரிடமிருந்து யாருக்கு

ஸ்வீடனிலிருந்து தம்பி இனியன் வருகிறான் என்று கஸ்தூரி அன்று கடையை மூடியிருந்தாள். ரமணாசிரமம் பக்கம், செங்கம் ரோட்டில் டிபன் கடை. வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று சாப்பிடும் கடை. தம்பிக்கு மட்டும் வீட்டிலேயே இலை போட்டு இட்லியும் வேர்க்கடலை அரைத்த மல்லாட்டை சட்னியும் வைத்தாள்.

இனியன் சட்னியை ஓரமாக ஒதுக்கினான். பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தான்.

"இன்னாடா, எங்க ஊட்டு சட்னி உனக்கு ஆவாதா?"

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொல்லிவிட்டான். போன தடவை ஊருக்கு வந்து திரும்பியதும் பனியில் வழுக்கிக் கால் உடைந்திருந்தது. சமீபத்தில் எந்த நாட்டுக்குப் போனாய் என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். இந்தியா என்றதும் மலத்தைப் பரிசோதித்தார்கள். ஆன்டிபயாடிக் எதற்கும் லேசில் அடங்காத கிருமி அவன் குடலில் இருந்தது. அந்தக் கிருமியால் அவனுக்கு நோய் ஒன்றும் இல்லை, கிருமி சும்மா தங்கியிருந்தது. ஆனாலும் தனி அறையில் போட்டார்கள். உள்ளே வந்தவர்கள் கையுறையும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு வந்தார்கள். சாப்பாடு கொண்டுவந்த பெண் கதவோரமாகவே தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

"அசிங்கமா இருந்துச்சுக்கா."

"என் சமையல்லதான் வந்துச்சுன்னு நீயே முடிவு பண்ணிட்டியா?"

அவன் பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான். அவள் இலையை எடுத்து மடித்தாள். அதன் பிறகு அவன் தோல் சீவிய பழத்தையே தின்றான். அவளும் அவனிடம் அதிகம் பேசவில்லை.

அந்த வாரமே கஸ்தூரிக்குக் குளிர் ஜுரம் வந்தது. முதுகின் ஒரு பக்கம் வலியில் துடித்தாள். கொஞ்ச நாளாகவே நீர்க்கடுப்பு இருந்ததை யாரிடமும் சொல்லவில்லை. தலைமாட்டில் பாதி தின்ற ஆன்டிபயாடிக் மாத்திரை அட்டைகள் கிடந்தன.

"இதெல்லாம் யாரு குடுத்தா?"

"மெடிக்கல்ல வாங்கினதுதான். எரிச்சல் கம்மியானதும் வுட்டுடுவேன்."

இனியன் ஆட்டோ பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் கீதாஞ்சலி சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு ஊசி போட ஆரம்பித்தார். ஜுரம் இறங்கவில்லை. ரிசல்ட் வந்ததும் மருந்தை மாற்றினார். சிறுநீரகத்துக்கு ஏறியிருந்தது அதே மாதிரிக் கிருமி.

இனியன் ஸ்வீடன் ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொன்னான். "டாக்டர், நான் போன தடவை வந்தப்ப என்கிட்டருந்து இவங்களுக்கு வந்திருக்குமா?"

"தெரியாதுங்க. உங்ககிட்டருந்து இவங்களுக்கு வந்திருக்கலாம், இவங்ககிட்டருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். ரெண்டு பேருக்கும் வேற எங்கருந்தாவது வந்திருக்கலாம். தண்ணி, சாப்பாடு, ஆஸ்பத்திரின்னு எதையும் சொல்லலாம். தேவையில்லாம மாத்திரை சாப்பிட்டா அந்தக் கிருமிக்கு வசதி ஜாஸ்தி. அங்க தேடினாங்க, கிடைச்சுது. இங்க நாம யாரும் தேடறதில்ல."

அவர் போனதும் கஸ்தூரி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"கிட்ட வராதடா. எனக்கும் அதான் வந்திருக்கு."

இனியன் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தான். கட்டிலில் அவளை ஒட்டி உட்கார்ந்து கஞ்சியை ஸ்பூனில் எடுத்தான். இரண்டு வாய் குடித்ததும் வாந்தி எடுத்தாள். அவன் நகரவில்லை. துடைத்துவிட்டு, மறுபடி கை கழுவி, மறுபடி வந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கு நான் சட்னியை ஒதுக்கினப்ப உனக்கு எப்படிக்கா இருந்துச்சு?"

"கதவோரமா தட்டு வச்சாளே ஒருத்தி, அவளைப் பார்த்து உனக்கு எப்படி இருந்துச்சு? அதே மாதிரிதான்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் அவன் கையிலிருந்த ஸ்பூனைத் தன் பக்கம் இழுத்தாள்.

புது ஊசிக்கு ஜுரம் அடங்கியது. ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தாள். இனியன் ஸ்வீடனுக்குக் கிளம்பும்வரை அவள் வைத்ததையெல்லாம் சாப்பிட்டான். கிருமி இன்னும் இருவர் குடலிலும் இருக்கலாம், சில மாதத்தில் தானாகவே போய்விடலாம், அதற்கு மருந்து தேவையில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்டுவிட்டு வந்து கஸ்தூரி கடை வாசலில் கை கழுவ இன்னொரு குழாய் போட்டு, சோப்பும் வைத்தாள்.

பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் நெரித்தது. பக்கத்து ஊர் அடி அண்ணாமலைக்காரர் ஒருவரும் அவர் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணும் இடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இவர்களில் யார் எதைக் கொண்டுவந்தார்கள், யார் எதைக் கொண்டுபோவார்கள் என்று கஸ்தூரி ஒரு கணம் நின்று பார்த்தாள். அதற்குள் யாரோ சாம்பார் கேட்டார்கள்.