மலர் கொண்டுவந்த பனித்தகடு

நியூசிலாந்தின் ஒக்லாந்தில் பனி கொட்டாது. மழை கொட்டும், ஆலங்கட்டி எப்போதாவது விழும், அவ்வளவுதான். இது தெரிந்தும் என் தங்கச்சி வசந்தமலர் தொண்ணூற்றாறாம் ஆண்டு டொரோண்டோவிலிருந்து குடிபெயர்ந்து வந்தபோது, கொண்டெயினருக்குள் பனி தள்ளுகிற தகடொன்றையும் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுடைய புருசன் பார்த்தீபன் பழைய சுடுதண்ணீர்ச் சிலிண்டர் ஒன்றை நெடுக்காகப் பிளந்து, ஏறியிருந்து ஓட்டுகிற புல்வெட்டி மெஷினுக்கு முன்னால் பூட்டுவதற்குத் தானே செய்தது. மஞ்சள் பெயின்ற் வேறு.

அதைப் பார்க்க ஊரின் மற்றப் பக்கம், நியூ லின்னிலிருந்தெல்லாம் சனம் வந்தது. நான் இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருசம். என் வீட்டுக்கு ஒருவரும் எதையும் பார்க்க வந்ததில்லை. என் மனுசன் சபாரத்தினத்துக்கு விரி என்கிற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் வெல்டிங் வேலை. இரும்பென்றால் அவருக்கு இடியப்ப மா மாதிரி. ஆனால் வாய் இல்லை. வாயில்லாதவரைக் கட்டினால் பெண்சாதிதான் வாயாயிருக்க வேண்டும், இதிலே என்ன பிழை?

எங்கள் கோயில் ஒடாஹுஹுவுக்கு அங்கால், வாடகைக்கு எடுத்த ஒரு கொட்டகை. வாசல் பாதை முழுக்கக் கிறவல் கல். மழைக்கு அது கழுவுண்டு வாசற் படலையடியில் குவிந்துவிடும், கார்கள் சேற்றில் புதையும். கோயில் தலைவர் சுந்தரமூர்த்தி மாஸ்டர் என் மனுசனை விட்டுவிட்டுப் பார்த்தீபனிடம் போய், "தம்பி, உம்மடை கனடாத் தகடாலை இதை ஒருக்கா இழுத்துவிடும்" என்றார். அவரும் இழுத்தார். பனி மெத்தென்றது, விலகும். கல் விலகுமா? தகடு நிலத்தைக் கடித்து, மிச்சமிருந்த கிறவலிலும் பாதியை வழித்து மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் தள்ளிவிட்டது. என் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. அந்தச் சந்தோசம் படலை தாண்டுமுன்பே முடிந்தது. என் மனுசன், "கொண்டாரும் பார்த்தீபன், திருத்திப் பாப்பம்" என்று தகட்டை எங்கள் கராஜுக்கே ஏற்றிக்கொண்டு வந்தார்.

பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் கராஜில் பொறி பறந்தது. தகட்டின் அடியில் நுனி வளைந்த இரும்புச் சப்பாத்து இரண்டு ஒட்டினார், நிலத்தைக் கடிக்காமல் வழுக்கிப் போவதற்கு. பின்னால் ஸ்பிரிங் பூட்டினார், எதிலாவது முட்டினால் தகடு மடங்கிக் கொடுக்க. பார்த்தீபன் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மலர் வடை சுட்டுக்கொண்டு வருவாள். "அத்தான், இது என்ன? அத்தான், அது ஏன்?" என்று ஒவ்வொன்றாய்க் கேட்பாள். இந்த மனுசனும் விளங்கப்படுத்துவார், சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் எங்கள் கலியாண அல்பத்தில்கூடக் கண்டதில்லை. தேத்தண்ணிக் கோப்பையை நான் வைக்கிற சத்தத்திலாவது அவர்களுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

"இது கோயிலுக்கே இருக்கட்டும் அக்கா" என்றாள் மலர் ஒருநாள்.

எனக்குச் சுரீரென்றது. எங்கள் கோயிலில் ரியூப் லைற்றிலும் உபயகாரர் பெயர் இருக்கும், செருப்பு வைக்கிற தட்டிலும் இருக்கும். வேலை என் மனுசனுடையது, பெயர் அவளுடையதா? அன்றைக்கே சிவப்புப் பெயின்ற் வாங்கி, தகட்டின் நெற்றியில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: உபயம் - சபாரத்தினம் குணவதி குடும்பம். எழுதிவிட்டு மாஸ்டருக்கு ரெலிபோன் எடுத்து, ஞாயிறு பூசைக்குத் தகடு வரும் என்றும் சொல்லிவிட்டேன்.

என் மனுசன் எழுத்தைப் பார்த்தார். "குணம், தகடு அவையின்ரை."

"வேலை ஆரின்ரை?"

"வேலை இன்னும் முடியேல்லை. ஸ்பிரிங் இறுக்கம் கூடிப்போச்சு, முட்டினா மடங்காது. வேறை மாத்தவேணும். அடுத்த கிழமை கொண்டுபோவம்."

"மாஸ்டருக்குச் சொல்லியாச்சு. இனி எந்த முகத்தோடை மாத்திச் சொல்லுறது?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். இதுதான் அவர்.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் தகட்டுக்குச் சந்தனம் பூசி, புல்வெட்டி மெஷினின் சக்கரத்துக்கடியில் தேசிக்காய் வைத்தார். என் மனுசன் ஏறி ஓட்டினார். முதல் இழுவையில் கிறவல் சமனாய் விரிந்தது, கண்ணுக்கு அழகு. சனம் தகட்டைப் பார்த்தது. நான் மலரின் முகத்தைப் பார்த்தேன். சிவப்பு எழுத்தை அவள் வாசித்தாள். உதட்டைக் கடித்தாள். பிறகு கைதட்டினாள். கைதட்டுகிறாளே என்று எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது இழுவை படலையடிக்கு. அங்கே குவிந்திருந்த கல்லுக்குள் தண்ணீர்ப் பைப் புதைந்து கிடந்தது ஒருவருக்கும் நினைவில்லை. தகடு முட்டியது. ஸ்பிரிங் மடங்கவில்லை. பைப் கழன்று தண்ணீர் கூரை மட்டத்துக்குப் பீறிட்டது. பட்டுச் சேலைக்காரர் நாலாபக்கமும் ஓடினார்கள். நடுவிலே என் மனுசன் மெஷினில் தொப்பலாக இருந்தார். அவருக்கு முன்னால் எங்கள் பெயர், சேறெல்லாம் கழுவுண்டு, பளிச்சென்று.

"ஆரின்ரை உபயம் இது?" என்று யாரோ கேட்டார்கள். மாஸ்டர் வாசிப்பதற்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

நான் தாழ்வாரத்தில் நின்றேன். மலர் போனாள். அந்தத் தண்ணீருக்குள் நேராய்ப் போய், தகட்டுக்கு முன்னால் எழுத்து மறைய நின்றாள்.

"இது எங்கடை தகடு மாஸ்டர். ஸ்னோவுக்கெண்டு இவர் செய்தது, இஞ்சத்தைக் கல்லுக்குச் சரிவரேல்லை. அத்தான் பாவம், ஓட்டினவர் மட்டும்தான். பைப்பை நாங்கள் போட்டுத் தாறம்."

என் மனுசன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். எனக்கு ஒருநாளும் கிடைக்காத பார்வை. எங்கள் பெயரை அவள்தான் காப்பாற்றினாள், நான் நன்றி சொல்ல வேண்டியவள். எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

காரில் வரும்போது அவர் முன்கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். பிறகு, "மலரின்ரை பட்டுச்சேலை பழுதாப்போச்சு. நல்லதா ஒண்டு வாங்கிக் குடும்" என்றார்.

"என்ன நிறத்திலை?" என்றேன், வேண்டுமென்றே.

"பச்சை" என்றார், யோசிக்காமல். "அவளுக்குப் பச்சைதான் எடுப்பு."

நான் குனிந்து என் மடியைப் பார்த்தேன். என் சேலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அது என்ன நிறமென்று, திரும்பிப் பார்க்காமல் சொல்லுங்கோ என்று கேட்க வாய் உன்னியது. கேட்கவில்லை.