தச்சர் வீட்டு கேட்

ஆலயத்தில் எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தபோது வாசலில் இடி விழுந்த மாதிரி ஒரு குரல் கேட்டது.

"எவன்யா என் கேட்டுக்குக் குறுக்க கார நிப்பாட்டினது?"

எதிர்வீட்டுத் தச்சர். அலுவலகங்களுக்கு அலமாரி செய்து பொருத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைதான் அங்கெல்லாம் ஆள் இருக்காது, அவருக்கு வேலை ஓடும். அன்று கதவுகளை ஏற்றிய வேன் கேட்டுக்குள் மாட்டிக்கொண்டு நின்றது.

"ஜெபம் நடக்கையில இப்படியா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். கடைசி வரிசையில் இருந்த பிளம்பர் எழுந்து வெளியே போனார். அவரிடம் காரே கிடையாது.

"மன்னிச்சுக்கங்கண்ணே. தப்பு எங்க மேலதான்."

"உங்க காரா?"

"இல்லண்ணே. எங்க ஆளுங்க காருதான்."

கார்க்காரரைத் தேடிப் பிடித்து நகர்த்துவதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. அந்த அரைமணியை ஈடுகட்ட, பிளம்பரும் வேனில் ஏறிப் போய்க் கதவுகளைத் தாங்கிப் பிடித்துக்கொடுத்தார்.

மத்தியானம் பிளம்பரை அவர் மனைவி பிடித்துக்கொண்டாள். அவள் பாடகர் குழுவில் இருப்பவள். "சர்ச்சுக்கு வந்த மனுஷன் பாதியில எங்கங்க போனீங்க?"

"கதவு தூக்க."

"நல்லாருக்கு போங்க."

அடுத்த ஞாயிற்றிலிருந்து, ஆராதனை முடியும்வரை பிளம்பர் தச்சர் வீட்டு கேட் பக்கத்திலேயே நின்றார். வருகிற கார்களைக் கும்பிட்டுத் தள்ளிப் போகச் சொன்னார். முதல் வாரம் தச்சர் சந்தேகமாகப் பார்த்தார். இரண்டாவது வாரம் ஒரு முக்காலி வந்தது. மூன்றாவது வாரம் டீ வந்தது, தச்சரின் மனைவி கையால்.

"பிரசங்கத்துல ஆளையே காணோமே?" என்று போதகர் விசாரித்தார்.

"அயலான நேசின்னு நீங்க சொன்னதெல்லாம் கேட்டாச்சுங்கய்யா. நம்ம அயலான் எதிர்வீட்டுல இருக்காரு."

பிளம்பரின் மனைவிக்கு மட்டும் மனசு ஆறவில்லை. நாலாவது வாரம் வந்தது, அவள் முதன்முதலாகத் தனியாகப் பாடவேண்டிய ஞாயிறு. "இன்னிக்காவது உள்ள வருவீங்களா?" என்று காலையிலேயே கேட்டிருந்தாள். அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே கேட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அந்தக் கதையை முக்காலியில் உட்கார்ந்தபடி தச்சரிடம் பேச்சுவாக்கில் சொன்னார். தச்சர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏன்யா, வீட்டம்மா பாடுறாங்க, நீ இங்க உக்காந்து என் கேட்ட பாத்துட்டு இருக்கியா? எந்திரி முதல்ல."

"கார் வந்துச்சுன்னா?"

"வரட்டும், நான் பாத்துக்கறேன். நீ போ."

பிளம்பர் உள்ளே போய் ஓரமாக நின்றபோது அவள் பாட ஆரம்பித்திருந்தாள். கணவனைக் கண்டதும் ஒரு வரி அப்படியே மறந்துபோனது. ஆர்கன் வாசிப்பவர் சமாளித்து இன்னொரு சுற்று வாசித்தார். அவள் சிரித்தபடியே விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே தச்சரின் குரல் கேட்டது. அதட்டல் குரல்தான், ஆனால் அடக்கி வாசித்தார்: "கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க சார். உள்ள எங்க வீட்டு ஆளு பாடுது."