ஒரு சொட்டும் ஒழுகவில்லை

கம்பியூட்டருக்குள் தண்ணீர் விடப்போகிறேன் என்று நான் சொன்னபோது கல்முனைக்குடியில் என்னைப் பைத்தியக்காரன் என்று நினைக்காத ஒரே ஆள் நிதர்சன்தான். பக்கத்து ஊர்ப் பாண்டிருப்புக்காரன். என் கேம் கடையில் பாதிப் பங்கு அவனுடையது, பாதிக்கு மேல் மூளையும் அவனுடையதுதான். சுனாமி என் முதல் கடையைக் கொண்டு போனது. அவனிடமிருந்து அப்பாவையும் அக்காவையும் கொண்டு போனது. அகதி முகாமில் யாரோ வெளிநாட்டுக்காரர் நடத்திய கம்பியூட்டர் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்ததில் தொடங்கிய பழக்கம். என்னைவிட ஐந்து வயது குறைந்தவன். வாய்க்கு வாய் நானா என்று அண்ணன் முறை சொல்லிக் கூப்பிடுவான், ஆனால் விளையாட்டில் ஒரு நாளும் என்னை வெல்ல விட்டதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பது பங்குனி. எங்கள் கடைக்குத் தகரக் கூரை. நாங்கள் ஆசையாகச் சேர்த்துக் கட்டிய பெரிய மெஷின் அரை மணித்தியாலம் ஓடும், பிறகு சூடேறித் தானாக அணைந்துவிடும். எத்தனை காற்றாடி பூட்டினாலும் அனல் காற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடித்தது. தண்ணீரால் குளிர வைக்கலாம் என்று இருவரும் இன்டர்நெட்டில் வாசித்தோம். சூடாகும் சிப்பின்மேல் ஒரு செப்புக் கட்டை, அதற்குள் ஓடும் தண்ணீர், அந்தத் தண்ணீரை ஆற வைக்கக் காரில் இருப்பது மாதிரி ஒரு ரேடியேட்டர், திரும்பச் சுற்ற விட ஒரு சின்னப் பம்ப். அவ்வளவுதான் விஷயம். கொழும்பில் ஒரு கடையில் எல்லாம் இருந்தது. போய் எடுத்து வர வேண்டியவன் நான். நிதர்சன் பாஸ்போர்ட் அலுவலாகப் போகிறான் என்று தெரிந்ததும், வரும்போது எடுத்துக்கொண்டு வாடா என்று அவன் தலையில் கட்டினேன்.

என் பெயர் மிஹ்லார், முஸ்லிம். செக்பொயின்டில் என் அடையாள அட்டையைப் பார்த்தால் போ என்று கை காட்டுவார்கள். சிங்களத்தில் இரண்டு பகிடி விட்டால் சிரிக்கவும் செய்வார்கள். ஒரு தமிழ்ப் பொடியனின் பையில் செப்புக் கட்டை, மோட்டர், வயர், ரப்பர் குழாய், போத்தலில் பச்சைச் சாயம். அதுவும் வன்னியில் சண்டை உச்சத்தில் இருந்த மாதத்தில். இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று என்னையே எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அவனுக்குத் தோன்றியிருக்கும். என் ஆசையைக் கெடுக்க மனமில்லாமல் வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும் வழியில், அம்பாறை தாண்டி பஸ்ஸை மறித்து அவனை இறக்கினார்கள். திங்கள் காலை நானும் அவனுடைய அம்மா செல்லத்தங்கமும் விசாரித்து விசாரித்து அவனை வைத்திருந்த ஆமி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மாவை வெளியே நிற்க வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். மேசைமேல் என் சாமான் முழுவதும் வரிசையாகக் கிடந்தது. அதிகாரி வயதான மனிதர், வாசிக்கிற கண்ணாடி போட்டிருந்தார். நான் தாளில் படம் கீறி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இன்று எவ்வளவோ லேசாக இருக்கும்.

வெடிகுண்டு பரிசோதிக்கிறவர்கள் பார்த்துவிட்டார்கள், இதில் ஒன்றும் இல்லை, ஆனால் மேலிடத்துக்கு எழுத எனக்கு ஒரு காரணம் வேண்டும் என்றார். சாமானைக் கொண்டு போ, பூட்டு, ஓடுகிற மெஷினாகக் கொண்டு வா, என் கண்ணால் பார்த்து எழுதிவிட்டு அவனை உன்னோடு அனுப்புகிறேன் என்றார். இன்று கொண்டு வந்தால் இன்றே விடுவேன் என்றும் சொன்னார்.

நிதர்சனை ஐந்து நிமிஷம் காட்டினார்கள். சேட்டில் மேல் பொத்தான்கள் இல்லை. ஒரு காது வீங்கியிருந்தது. அந்த நிலையிலும் என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

"குழாய் மூட்டு எல்லாத்தையும் இறுக்கிப் பாருங்க நானா," என்றான். "சுணங்காதீங்க."

இறுக்கு, தாமதிக்காதே என்று அவன் சொன்ன இரண்டில் முதலாவதை மட்டும் நான் பிடித்துக்கொண்டேன்.

பகல் பன்னிரண்டுக்கெல்லாம் கடைக்கு வந்துவிட்டோம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வேலையைத் தொடங்கினேன். எங்கள் கிணறுகளில் சுனாமிக்குப் பிறகு ஏறிய உவர்ப்பு இன்னும் போகவில்லை. அதனால் வாகனப் பற்றரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரில் இரண்டு போத்தல் வாங்கி வந்தேன். முதல் தடவை பூட்டியபோது செப்புக் கட்டையின் வாயில் கசிந்தது. குழாயை நேராக வெட்டவில்லை. கழற்றி, மறுபடி வெட்டி, கிளிப் போட்டு இறுக்கினேன். பின்னேரம் மூன்றரைக்கு அஸர் பாங்கு சொல்லும் நேரம் தண்ணீர் ஒழுங்காகச் சுற்றத் தொடங்கியது.

இதற்கு ஒரு விதி இருக்கிறது. இன்டர்நெட்டில் எழுதியிருந்த எல்லோரும் ஒரே மாதிரித்தான் எழுதியிருந்தார்கள். முதலில் கம்பியூட்டரின் போர்டுக்குக் கரண்ட் கொடுக்கக் கூடாது. பம்பை மட்டும் ஓட விட வேண்டும். ஒவ்வொரு மூட்டுக்குக் கீழும் வெள்ளை டிசுப் பேப்பர் வைத்து, இருபத்து நான்கு மணித்தியாலம் பார்க்க வேண்டும். டிசு நனையாவிட்டால்தான் மெஷினைப் போடலாம்.

செல்லத்தங்கம் அம்மா விளையாட வருகிறவர்கள் உட்காரும் சுழல் கதிரையின் நுனியில் இருந்தார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. தண்ணீர் சுற்றுவதைக் கண்டதும் எழுந்து பக்கத்தில் வந்தார்.

"தண்ணி சுத்துதுதானே மனே? அப்ப கொண்டு போவம்."

நான் விளக்கினேன். ரோட்டில் குலுங்கும், முகாமில் அந்த மனிதர் முன்னால் ஒரு சொட்டு போர்டில் விழுந்தால் மெஷின் கருகிப் போகும், பிறகு நாம் சொல்கிற எதையும் அவர்கள் நம்பமாட்டார்கள், நாளைக்கு இதே நேரம் கொண்டு போகலாம் என்றேன். சொன்னது எல்லாம் உண்மைதான். அவர், ஓடினால் போதும் என்றுதானே அந்த ஐயா சொன்னார், இன்றைக்கே விடுவேன் என்றாரே என்று மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு இது விளங்காதும்மா," என்று கத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. இருட்டும் முன் வீட்டுக்குப் போனவர் செவ்வாய் விடிந்ததும் மறுபடி வந்து அதே கதிரையில் இருந்தார். என்னோடு சேர்ந்து அவரும் டிசுவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அரை மணித்தியாலம் கரண்ட் போயிருந்தது. பம்ப் நின்ற அந்த அரை மணித்தியாலத்தையும் கடைசியில் கூட்டிக்கொண்டேன். அவ்வளவு நேர்மை எனக்கு.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். வளைத்த குழாய்களுக்குள் பச்சைத் தண்ணீர் சத்தமில்லாமல் ஓடியது, நான் என் கையால் கட்டியது. இடையிடையே நிதர்சன் எங்கே இருக்கிறான் என்பதே எனக்கு மறந்து போனது. அவன் வந்து பார்த்தால் என்ன சொல்வான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை நினைத்தால் இப்போதும் என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

நாலு மணிக்குப் போர்டுக்குக் கரண்ட் கொடுத்தேன். மெஷின் எழும்பியது. அணைத்து, ஆட்டோவில் ஏற்றி, ஐந்தேகாலுக்கு முகாமுக்குப் போனோம். அம்மாவை மறுபடியும் வாசலில் நிறுத்தினார்கள்.

உள்ளே கண்ணாடிக்காரர் இல்லை. லீவில் போய்விட்டாராம். அந்த இடத்தில் இளம் அதிகாரி ஒருவர் இருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் முதலிலிருந்து சொன்னேன். சரி, போட்டுக் காட்டு என்றார். போட்டேன். கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஓட விட்டேன். ஏழெட்டுச் சிப்பாய்கள் கூடிவிட்டார்கள், ஒருவன் உட்கார்ந்து விளையாடவும் தொடங்கினான். அரை மணித்தியாலம் தாண்டியது. சூடு நாற்பத்தெட்டு டிகிரியில் நின்றது, அதற்குமேல் ஏறவில்லை. மெஷின் அணையவில்லை. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அதிகாரி என் தோளில் தட்டி, கெட்டிக்காரன் என்றார்.

அப்படியானால் அவனைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். பெயர் கேட்டார். ஒரு கொப்பியைப் புரட்டினார். காலையில் வேறு பிரிவிலிருந்து வந்து நாலு பேரைக் கொண்டு போய்விட்டார்கள் என்றார். பத்து மணிக்கு. எங்கே என்றால் கொழும்புக்காக இருக்கும் என்றார். கொழும்பில் எங்கே என்று பிறகு நாங்கள் போய்க் கேட்காத வாசல் இல்லை. சண்டை முடிந்து ரோட்டில் வெடி கொளுத்திய அன்றும் ஒரு வாசலில்தான் நின்றோம். எந்தக் கொப்பியிலும் அவன் பெயர் இல்லை. அந்தச் செவ்வாய் மாலை இளம் அதிகாரி எனக்குச் செய்து தந்தது ஒரு கடிதம். இந்தப் பொருட்கள் பரிசோதிக்கப்பட்டன, ஆபத்தில்லாதவை, உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டன என்று முத்திரையோடு எழுதியிருந்தது.

மெஷினை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அம்மா ஆட்டோவுக்குப் பக்கத்தில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.

"ஆள் எங்க மனே?"

கொண்டு போய்விட்டார்கள் என்றேன். எப்போது என்று கேட்டார். நேற்றே என்று பொய் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இண்டைக்குக் காலம பத்து மணிக்கும்மா."

அவர் அழவில்லை, ஏசவும் இல்லை. 

"பத்து மணிக்கு நானும் உன்ட கடையிலதானே இருந்தன்," என்றார். "இந்தத் தண்ணியப் பாத்துக்கொண்டு."

நான் ஆட்டோப் பக்கம் திரும்பினேன். பாரத்தில் மெஷின் ஒரு பக்கம் சரிந்தது. அவர் வந்து மறுபக்கத்தைப் பிடித்தார். இருவருமாகத் தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். மெல்ல மனே, தண்ணி சிந்தப் போகுது என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றும் தெரியாது. வெறும் கரிசனையாகச் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்காது, குத்தல் இருந்திருக்கட்டும் என்று அல்லாஹ்விடம் கேட்கிறேன்.